கொசுறு போடாத நாற்பது பெட்டிகள்

முதல் முறையாக வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பப் போகிறவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களென்றால், முடித்த கையோடு போய் உங்கள் பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஊர் திருச்சி. சிறு தொழில் செய்கிறவர்களுக்கு வெளிநாட்டில் வாங்குகிற ஆளைத் தேடிப் பிடித்து, பேசி முடித்து, காகித வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் குழந்தைகள் பனியன் தைக்கும் மயில்சாமிக்கும் அவர் மனைவி செல்வராணிக்கும் நெதர்லாந்தில் இரண்டு கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் ஆர்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். நாற்பது பெட்டிச் சரக்கு. அனுப்பும் முன் வாங்குபவர் சார்பில் ஓர் ஆய்வாளர் வந்து பார்ப்பார். அந்த ஆய்வின்போது கூட இருக்கத்தான் ஆவணி முதல் வாரத்தில் கிளம்பினேன்.

காலை நாலரைக்குத் திருச்சியில் பஸ். கரூர், காங்கேயம் வழியாகச் சுமார் நூற்று எழுபது கிலோமீட்டர். ஒன்பது மணிக்குத் திருப்பூர். ஜன்னல் கண்ணாடி மூடவே இல்லை. கண்டக்டரிடம் சண்டை போட்டும் பலனில்லை. இறங்கி அனுப்பர்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். பாத்திரத் தொழிலுக்கும் பேர்போன இடம் அது.

"பாத்திரக் கடைங்களா, பனியன் கம்பெனிங்களா?" என்றார் டிரைவர்.

"பனியன்."

"நூத்தம்பது ஆகுங்க."

"பாத்திரக் கடைன்னா?"

"அதுக்கும் நூத்தம்பதுதானுங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டனுங்க."

இந்த ஊரில் யார் மீதும் முழுதாகக் கோபப்பட முடிவதில்லை.

மயில்சாமியின் யூனிட்டில் பதினான்கு மெஷின்கள். பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். இதுவரை அவர்கள் தைத்ததெல்லாம் காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குத்தான். தீபாவளி முடிந்தால் அங்கே வேலை படுத்துவிடும். தைக்கிறவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வேலையில்லாமல் ஊருக்குப் போனவர்களில் போன வருடம் ஆறு பேர் திரும்பவே இல்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால் யூனிட்டை மூட வேண்டியதுதான் என்று செல்வராணி என்னிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். இந்தச் சரக்கு நல்லபடியாகப் போனால், தீபாவளிக்குப் பிறகு அடுத்த ஆர்டர் தருவதாக அந்தக் கடைக்கார அம்மா எழுதியிருந்தார். இந்த வாரக் கப்பலைத் தவறவிட்டால் குளிர்காலத்துக்குச் சரக்கு கிடைக்காது, எனக்கு வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூத்துக்குடி லாரி.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். கயல்விழி என்ற கோயம்புத்தூர்ப் பெண். தையல், அளவு, லேபிள், பட்டன் எல்லாம் பார்த்தார். ஒரு குறை இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு பெட்டியைத் திறந்து எண்ணினார். அறுபது இருக்க வேண்டிய பெட்டியில் அறுபத்திரண்டு. இன்னொன்று, அதிலும் அறுபத்திரண்டு. மூன்றாவதிலும் அப்படியே.

"எல்லாப் பெட்டியிலும் ரெண்டு அதிகமா இருக்குதுங்களே?"

மயில்சாமி முகமெல்லாம் சிரிப்பு. "ஆமாங்க. நாந்தானுங்க போட்டேன். மொதோ சரக்கு பாருங்க, கணக்கா எண்ணிப் போட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்கு வந்ததே கோபம்! சாயத்தைப் பற்றிச் சொன்னேன், உடைந்த ஊசியைப் பற்றிச் சொன்னேன், தொங்கும் நூலைப் பற்றி நூறு முறை சொன்னேன். கொசுறு போடாதீர்கள் என்று சொல்ல வேண்டுமென எந்த மனுஷிக்குத் தோன்றும்? "அண்ணா, காகிதத்தில எழுதாத சரக்கு ஒரு பீஸ் இருந்தாலும் அங்க துறைமுகத்தில கடத்தல் சரக்குன்னு நிறுத்தி வெச்சிடுவாங்க!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "காதர்பேட்டைல ரெண்டு பீஸ் சேத்துப் போடலீன்னாத்தானுங்க கோவிச்சுக்குவாங்க" என்றார் மெதுவாக.

"என்ற ஊட்டுக்காரரு யாருக்கும் வெறுங்கணக்கா கொடுத்ததே இல்லீங்க" என்று செல்வராணி கயல்விழியிடம் கெஞ்சும் குரலில் சொன்னார்.

"எங்க ஊட்டுலயும் அப்படித்தானுங்க்கா. ஆனா ரிப்போர்ட்ல உள்ளது உள்ளபடி எழுதியாகோணும்" என்றார் கயல்விழி. யோசித்துவிட்டு, "மூணு மணி வரைக்கும் இங்க இருப்பேன். அதுக்குள்ள சரி பண்ணிட்டா மறுபடி பாத்துட்டு எழுதறேன்" என்றார்.

நாற்பது பெட்டிகளையும் பிரித்தோம். மெஷின்கள் நின்றன. எல்லோரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். நானும்தான். இரண்டை எடுத்துவிட்டால் எடை மாறும், பெட்டி மேல் எழுதிய எடையையும் மாற்ற வேண்டும். டேப் தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பட்டறையில் கடன் வாங்கினோம்.

இரண்டே முக்காலுக்குக் கயல்விழி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தபோது மயில்சாமி ஒரு பையோடு வந்தார். உள்ளே நான்கு பனியன்கள். "உங்க ஊட்டுல கொழந்தைங்க இருக்குதுங்களா, கண்ணு?"

ரிப்போர்ட் எழுதும் முன் ஆய்வாளருக்குப் பரிசு! வேறு யாராவதாக இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். கயல்விழி இரண்டடி பின்னால் போய், "அண்ணா, இதை நான் தொட்டா லஞ்சமாயிரும். உள்ள வெச்சிருங்க. குடிக்கத் தண்ணி மட்டும் கொடுங்க" என்றார்.

ரிப்போர்ட்டில் 'தேர்ச்சி' என்று எழுதினார். ஐந்தேகாலுக்கு லாரி கிளம்பியது. எடுத்துவைத்த எண்பது பனியன்களை, லேபிளை வெட்டிவிட்டு, தைக்கிறவர்களின் குழந்தைகளுக்குச் செல்வராணி கொடுத்தார். எல்லோரும் சந்தோஷமாக இருக்க, மயில்சாமி மட்டும் வாசலிலேயே நின்றார். "வெறுங்கையோட விருந்துக்குப் போற மாதிரி இருக்குதுங்க" என்றார். கத்தியிருக்க வேண்டாமோ என்று எனக்கும் கஷ்டமாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அதையேதான் யோசித்தேன். தைக்கத் தெரிந்தவர்களுக்கு நான் வெளிநாட்டு வியாபாரம் சொல்லித் தருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தாராளமாக இருக்காதீர்கள் என்று சொல்லித் தருவதும் அதில் ஒரு பாடம் என்று அன்றுதான் தெரிந்தது. அது பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஆய்வுக்குக் கூடப் போகிறவர்களுக்கும் சில விஷயங்கள். ஆய்வுக்கு முந்தின நாளே போய்த் தங்குங்கள், என்னைப் போல் அன்று காலை போய் இறங்காதீர்கள். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பெட்டியில் இருக்க வேண்டும், குறைவும் கூடாது, கூடுதலும் கூடாது. இலவசமாகக் கொடுத்தே தீர வேண்டுமென்றால் வாங்குபவரிடம் முன்பே கேட்டு, பில்லில் தனி வரியாக எழுதி அனுப்புங்கள். ஆய்வாளருக்குத் தண்ணீரும் உட்கார நாற்காலியும் போதும். டேப் நிறைய வாங்கி வையுங்கள்.

தீபாவளி கழிந்த வாரம் நெதர்லாந்திலிருந்து மெயில் வந்தது. அடுத்த ஆர்டர், நூற்றிருபது பெட்டி. உடனே மயில்சாமிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். சரக்கு எண்ணிக்கை அப்படியே சரியாக இருந்ததாம், இவ்வளவு நேர்மையான ஆள் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

மறுமுனையில் மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேல் மயில்சாமி கேட்டார்.

"ஏனுங்க மேடம், நாம ஒண்ணுமே சேத்துப் போடலீங்களே. அதுக்கா இத்தன சந்தோசம்?"

"ஆமாண்ணா."

"பாவமுங்க அந்தம்மா. இத்தன நாளா எல்லாரும் கொறச்சே போட்டிருப்பாங்க போல."