வடக்கே தலை வைத்த கட்டில்

குணம் அண்ணை போய்விட்டார். நேற்று, ஆஸ்பத்திரியில்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பத்தாறில் சுவிஸில், ஓல்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் கிளீனிங். இரண்டு பேருடைய அகதி கேஸும் முடிவாகாமல் கிடந்த காலம்.

கதவைத் தட்டாமல் எந்த அறைக்குள்ளும் போகமாட்டார். மேசையில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பார்.

"டேய், இது ரூம் இல்லை, அந்த மனிசியின்ர வீடு. தூசியை எடு, சாமானை இடத்தை விட்டு அரக்காதை."

நான் பேசும் டொச்சை, அந்த அரைகுறை ஜெர்மன் பாஷையை, கேட்டால் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார். "நீ வாயைத் திறக்காமல் நில்லடா, அதுதான் எங்கட கேஸுக்கு நல்லது!"

மூன்றாம் அறையில் ஃப்ராவ் மோசர் என்ற வயதான அம்மா. கண் சரியாகத் தெரியாது. கட்டில், கதிரை, சுவர் என்று தடவித்தான் டாய்லெட்டுக்குப் போவார்.

ஒருநாள் அவர் இல்லாத நேரம் அறையைத் துடைக்கும்போது கவனித்தேன்... கட்டிலின் தலைப்பக்கம் வடக்கு. வடக்கே தலை வைத்தால் ஆயுள் குறையும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். கட்டில் கால்களில் உருட்டுவதற்குச் சில்லு இருந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத் திருப்பிவிட்டேன்.

மத்தியானம் நர்ஸ் வந்து அவரைப் படுக்க வைத்தார். தூக்கத்தால் எழும்பியவர், கதிரை இருக்கும் என்று கையை நீட்டியிருக்கிறார். அங்கே கதிரை இல்லை; விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

பொறுப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, யார் கட்டிலைத் திருப்பியது என்று கேட்டார். நான் குனிந்து வாளியைப் பார்த்தேன்.

அண்ணை என் முகத்தை ஒருதரம் பார்த்தார். "நான்தான்" என்றார். அன்றோடு அவருக்கு வேலை போனது.

பஸ் தரிப்பில், "ஏன் அண்ணை?" என்று அழுதேன்.

"எனக்கு ஹோட்டல் குசினியில கோப்பை கழுவுற வேலையெண்டாலும் கிடைக்கும். உன்ர டொச்சுக்கு ஆர் வேலை தருவான்? போ, இன்னும் நாலு ரூம் கிடக்கு."

போனேன். வெட்கம்கெட்டுப் போனேன்...

ஆஸ்பத்திரிக்குப் போன ஃப்ராவ் மோசர் திரும்பி வரவேயில்லை. அவருடைய படங்களைப் பெட்டியில் அடுக்கியதும் நான்தான்.

இன்று காலை போன் எடுத்துச் செய்தி சொன்ன அண்ணையின் மகள் கேட்டாள். "மாமா, அப்பாவை அந்த வேலையால ஏன் நிப்பாட்டினவை? கேட்டால் சிரிப்பார், சொல்லவேமாட்டார்."

"தெரியாது பிள்ளை" என்றேன். இன்றைக்கும்!

பிள்ளை, நீ இதை வாசிப்பாய். கட்டிலைத் திருப்பியது நான். உன் அப்பா அல்ல.

போயிட்டு வாங்கோ அண்ணை.