உள்ளங்கையில் வந்த சிவப்பு

என் ஸ்டெம் செல்களை (எல்லா ரத்த அணுக்களும் பிறக்கும் தாய்ச் செல்கள்) தம்பி முருகேசுவுக்கு ஏற்றிய இருபத்து மூன்றாம் நாள் காலையில், அவன் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. நர்சைத் தேடி நடைக்கூடத்தில் ஓடினேன்.

கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில் பூண்டு வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் அவன். விடாத காய்ச்சலோடு மலையிறங்கியபோது லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) என்றார்கள். மருந்தில் நோய் அடங்கினாலும் திரும்பிவிடும் என்பதால் இந்தச் சிகிச்சை. என் செல்கள் அவனுக்குப் பொருந்தின. அவை ரத்தத்தில் பெருக எனக்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு உள்ளிருந்து இடித்தது.

டாக்டரம்மா அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். "உங்க செல்லுலேர்ந்து புது எதிர்ப்புச் செல்லு உண்டாயிருச்சு. அதுக்கு இவரு உடம்பு அந்நியம். அதான் தோலைத் தாக்குது."

"அப்ப நான் குடுத்ததுதான் அவனைக் கடிக்குதாம்மா?"

"மிச்சமிருக்கிற கேன்சர் செல்லையும் அதுதான் தேடிக் கொல்லணும். கொஞ்சமா வந்தா நல்லது. குடலுக்குப் போனா ஆபத்து. வயித்தால போனா உடனே சொல்லுங்க."

ஸ்டீராய்டு (எதிர்ப்புச் செல்களை அடக்கும் மருந்து) தொடங்கினார்கள். சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி மார்புக்கு ஏறியது. அவன் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் கதவருகே நின்றேன்.

"ஏக்கா, இதுக்குமா காவலு?" என்று எரிந்து விழுந்தான்.

மருந்து தொடங்கிய நான்காம் நாள் இரண்டு முறை வயிற்றால் போனது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். 'போதும், அடங்கு' என்று என் ரத்தத்திடமே கெஞ்சினேன். அடுத்த நொடியே, முழுக்க அடங்கிவிட்டால் புற்றுநோய் தலைதூக்குமே என்று பதறினேன். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாத நாட்கள் அவை.

வயிற்றுப்போக்கு நின்றது. தோல் ஏடு ஏடாக உரிந்தது. "ஒனக்கு எம்மேல இம்புட்டுக் கோவமாக்கா?" என்றான். அன்றுதான் இருவரும் சிரித்தோம். அடுத்த வாரம் எலும்பு மஜ்ஜைச் சோதனையில் புற்றுச் செல் தென்படவில்லை.

ஒரு வருடம் கழித்து, கொடைக்கானலில் ரத்தம் எடுத்தவர் குழம்பினார். "கார்டுல பி பாசிட்டிவ்னு கெடக்கு. ரத்தம் ஓ பாசிட்டிவ்னுல்ல காட்டுது?"

"ரெண்டும் சரிதாங்க. கார்டுல இருக்கிறது என் பழைய ரத்தம். இப்ப ஓடுறது அக்காவோடது" என்றான் முருகேசு.

நான் ஓடிய அந்த ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் இன்று நிற்பவர்களுக்கு என்னால் உறுதி எதுவும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் திட்டம் போட்டுப் பேசுவதை நாங்கள் விட்டுவிட்டோம். அடுத்த சோதனைவரை உள்ள நாட்கள் எங்களுடையவை. பனிக்காலையில் அவன் தும்மினால், காய்ச்சலா என்று பார்க்க என் கை முதலில் என் நெற்றிக்குத்தான் போகிறது.