சிப்பாய்க்குக் கொடுத்த மல்லிகை

இன்று தோழி ஸ்டெல்லாவுடன் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைப் பார்க்கப் போனேன்.

அழகாக வெட்டிய புல், வரிசையாகக் கற்கள். உள்ளே போனதுமே எங்கள் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

ஒரு கல்லின் முன் நின்றுவிட்டேன். அந்தச் சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயது. என் வயதுதான். எங்கேயோ பிறந்து, போரில் இறந்து, நம் ஊர் மண்ணில் படுத்திருக்கிறார். நன்றி என்று சொல்லி ஏதாவது வைக்க வேண்டும் போலிருந்தது.

கையில் ஒன்றுமில்லை. மயிலாப்பூரில் வாங்கிய மல்லிகை தலையில் இருந்தது. ஆனால் தலையில் வைத்த பூவைச் சாமிக்குப் போட மாட்டோமே என்று தயங்கினேன்.

கொட்டிவாக்கத்துக்காரி ஸ்டெல்லா, வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பூ வைப்பவள். காதருகே வந்து சொன்னாள்: "அவன் இன்னா சாமியாடி, கோச்சிக்க? நம்ம வயசுப் பையன். பொண்ணு தலைல கீற பூவக் குடுத்தா வேணாம்னா சொல்லுவான்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு பூவைக் கழற்றிக் கல்லடியில் வைத்தேன். மனசு நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா இல்லையென்றால் வெறுமனே திரும்பியிருப்பேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டார். "தலைல பூ எங்கடி?"

"ஒரு பையனுக்குக் குடுத்துட்டேன்மா."

விசாரணை இன்னும் முடியவில்லை. எனக்காக யாராவது அம்மாவிடம் பேசுங்களேன்?