ஏணியண்ணன் கட்டிய பிக்கப்

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஏணி கிடையாது. மேல் தட்டிலிருந்து எதை எடுக்க வேண்டுமென்றாலும் டிங்கர் அண்ணனைக் கூப்பிடுவோம். ஆறடி நாலங்குலம். கையை நீட்டினால் போதும், ஸ்டூல்கூட வேண்டாம். அப்படியே ஏணி என்று பேராகிவிட்டது. அடிபட்டு நசுங்கி வரும் வண்டிகளின் தகரத்தை அவர் தட்டி நிமிர்த்துவார், அதற்குமேல் நான் பெயிண்ட் அடிப்பேன். பதினாறு வருஷமாக இப்படித்தான் போகிறது.

டிங்கர் வேலை நன்றாக இருந்தால் வேலை செய்ததே தெரியாது. வண்டிக்காரர் வந்து கதவைத் தடவிப் பார்த்து, "எங்கங்க அடிபட்டிருந்துச்சு?" என்று கேட்டால் அதுதான் அவருக்குப் பாராட்டு. ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இருபத்தேழு வருஷமா தட்டுறேன். இது என் வேலைன்னு காட்ட ஒண்ணுமே இல்ல. எல்லாம் கம்பெனியில செஞ்ச மாதிரியே இருக்கு."

வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வது மாதிரி சொன்னார். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

அந்த மாசமே ஒரு பழைய பிக்கப்பைப் பிடித்துவிட்டார். செடி விற்கும் அம்மா ஒருவர் தன் தோட்டத்தின் பின்பக்கம் அதைப் போட்டு வைத்திருந்தார். பின்தொட்டி நிறைய மண், மண் நிறைய சாமந்தி. உருண்டை மட்கார்டு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, அண்ணனைவிடப் பத்து வயது மூத்த வண்டி. அந்த அம்மாவின் வேனில் ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. அதை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாக இதைத் தன் வீட்டு ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

அண்ணி டவுன் பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து வந்தவர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஏதோ கூடு கட்டியிருக்கே?"

"எலி. காலி பண்ணிடும்."

"நாள் பூரா ஸ்டீயரிங் பிடிச்சிட்டு வர்றேன். வீட்டுலயும் வண்டி மூஞ்சிலதான் முழிக்கணுமா? என்னமோ பண்ணுங்க, துணி காயப்போட எனக்கு வழி விட்டா சரி."

மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. நானும் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். துருவேறிய தரையை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகரம் போட்டார். உடைசலுக்குப் போன ஒரு பெரிய காரிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சினை வாங்கி வந்து உட்கார வைத்தார். முன்பக்கத்தைத் தரையோடு தரையாக இறக்கினார், பின்னால் அகல டயர் போட்டார். பின்தொட்டிக்கு மரப்பலகை இழைத்துப் பதித்தார். நிறுத்தி வைத்திருக்கும்போதே ஓடுகிற மாதிரித் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குக் கூரை தாழ வேண்டும். ஆகவே கூரையைத் தாங்கும் நாலு தூண்களிலும் நாலு அங்குலம் வெட்டி எடுத்தார்.

கேட்க லேசாக இருக்கும். தூண்கள் சாய்வாக நிற்பதால் வெட்டி இறக்கியதும் மேலும் கீழும் ஒன்றோடொன்று சேராது. கூரையையே குறுக்கே அறுத்து, நடுவில் பட்டை கொடுத்து அகலப்படுத்தினார். முன் கண்ணாடியைச் சின்னதாக வெட்டும்போது இரண்டு உடைந்தது, மூன்றாவது நின்றது. மேடு பள்ளத்துக்குப் பட்டி பூசிச் சமாளிக்கலாம் என்றேன்.

"பட்டி வேண்டாம் தம்பி. எல்லாம் தகரமாவே வரட்டும்."

சுத்தியலை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நாலு தூணோடு உட்கார்ந்திருந்தார். பிறகு என் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன நிறம் என்று அண்ணியிடம் கேட்டோம். "பஸ் கலர் மட்டும் வேண்டாம்" என்றார். கத்தரிக்காய் நிறம் அடித்தேன். என் கையால் அடித்ததில் அதுதான் சிறந்தது, சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

கடைசியாக சீட் வந்தது. தையல்காரர் மாட்டிவிட்டுப் போனதும் அண்ணன் குனிந்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். தலை கூரையில் இடித்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். அப்போதும் கண்ணுக்கு நேரே கண்ணாடி இல்லை, கூரை விளிம்புதான் இருந்தது. அதுவரை வண்டியின் வெறும் தரையில் உட்கார்ந்தே வேலை பார்த்ததால் தெரியவில்லை. சீட்டைக் கழற்றி மெத்தையை மட்டும் தரையில் போட்டுப் பார்த்தோம். தலை சரியாகிவிட்டது, முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் முளைத்து நின்றன. ஸ்டீயரிங் திரும்பவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"மூணு வருஷமா அளந்தீங்களே, உங்களை மட்டும் விட்டுட்டீங்களா?"

அண்ணன் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் வந்தார்.

"கூரையைத் திரும்ப ஏத்திடப் போறேன். வெட்டின சுவடே தெரியாது."

"ஏத்திடுவீங்க அண்ணே, தெரியும். ஆனா…"

"அதான், தெரியாம செய்யிறது நமக்குக் கைவந்த கலையாச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரோட்டில் ஓட்ட நம்பர் வாங்குவதற்காக வண்டியை அரசாங்கச் சோதனைக்குக் காட்டுவதற்கு அதே வாரம் தேதி இருந்தது. அந்தத் தேதி கிடைக்கவே ஐந்து மாசம் ஆகியிருந்தது. தூண்களில் அவர் டேப் ஒட்டி அடையாளம் போடுவதைப் பார்த்து அண்ணி சொன்னார்:

"கிடைச்ச தேதியை விடாதீங்க. நான் ஓட்டிட்டு வர்றேன். அப்புறம் எதை வேணா வெட்டுங்க."

அண்ணி அண்ணனின் நெஞ்சளவுதான் இருப்பார். ஏறி உட்கார்ந்தார். சீட், ஸ்டீயரிங், கண்ணாடி எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டை நாங்கள் தரையோடு வைத்திருந்தோம். அங்கே ஸ்டீயரிங் இல்லாததால் அண்ணன் காலை நீட்டிக்கொள்ள முடிந்தது. நான் பைக்கில் பின்னால் போனேன்.

சோதனை செய்யும் அதிகாரி வண்டியை இரண்டு தடவை சுற்றினார். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தூண்களில் வைத்துப் பார்த்தார். பட்டி பூசியிருந்தால் காந்தம் பிடிக்காது. வைத்த இடமெல்லாம் பிடித்தது. பிறகு உட்கார்ந்து அடியில் பார்த்தார், பிரேக்கைச் சோதித்தார், அண்ணியை ஓட்டச் சொல்லி நிறுத்தச் சொன்னார்.

"வெட்டியிருக்குன்னு தெரியுது. எங்க ஒட்டினதுன்னுதான் தெரியல. யாரோட வேலை இது?"

அண்ணி கட்டைவிரலால் பக்கத்து சீட்டைக் காட்டினார். அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார்.

"நீங்களா? இறங்கி வாங்க, கொஞ்சம் சொல்லுங்க."

அண்ணன் ஒவ்வொரு உறுப்பாக வெளியே வந்து சேர்ந்தார். அரைமணி நேரம் பேசினார்கள். அதிகாரி தன்னோடு வேலை செய்யும் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வண்டியைப் பற்றி அண்ணன் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது. நம்பர் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது வீட்டுக்குப் போகும் சாலையில் அண்ணி திரும்பவில்லை. நேராகப் போனார். எட்டு சிலிண்டரோடு என் பைக் எங்கே போட்டி போடுவது? விட்டுவிட்டு நான் வீட்டு வாசலில் காத்திருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு வந்தார்கள்.

"எங்க அண்ணி போனீங்க?"

"எங்கேயும் இல்ல. பத்தொன்பது வருஷமா எவனாவது மணியடிச்சா நிறுத்துறேன். இன்னிக்கு யாரும் மணியடிக்கல, அதான் நிறுத்தல."

அண்ணன் தூண்களில் ஒட்டியிருந்த டேப்பை உரித்து, உருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது ஞாயிறுதோறும் அண்ணிதான் ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாற்றுவது சரியில்லை, பிரேக்கை இப்படி மிதிக்கக் கூடாது என்று அண்ணன் வழியெல்லாம் குறை சொல்வார். பஸ்ஸில் ஒரு கீறல்கூட விழாமல் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர், போன மாசம் எங்கள் ஒர்க்‌ஷாப் கேட்டிலேயே முன் மட்கார்டைக் கொண்டுபோய் உரசிவிட்டார். அண்ணன் தட்டினார், நான் பெயிண்ட் அடித்தேன். கேட் சரியாகத் திறந்திருக்கவில்லை என்று அண்ணி இன்றுவரை சாதிக்கிறார்.