பீன்யா வழியாகப் போன ஊர் இணையம்

ரவுட்டர்காரனைப் பண்டிகை நாளில் யாராவது நினைக்கிறார்கள் என்றால், எங்கோ லைன் படுத்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அகப்பட்ட சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு லைன்

பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரிபாகம் செய்த நாகராஜ் சார், ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களிடம் இணைய லைன் வாங்கியிருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அது பெரிய விஷயம். நான் தனியாக ரவுட்டர் அமைத்துக் கொடுத்த முதல் இடமும் அதுதான்.

ரவுட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். 'இந்தந்த இடத்துக்கு என் வழியாகப் போகலாம்' என்று ஒரு நிறுவனம் சொல்வதை அப்படியே அடுத்த நிறுவனத்திடம் ஒப்பித்துவிடும். அவர்களும் நம்பி, தங்களுக்குள் போகவேண்டிய போக்குவரத்தை எல்லாம் நம் சின்ன லைனில் திருப்பிவிடுவார்கள். அதனால், 'நம் முகவரியை மட்டும் சொல், கேட்டதைச் சொல்லாதே' என்று வடிகட்டி போடுவோம். சாரிடம் இதைச் சொன்னேன்.

"நம்ம காம்பவுண்ட் வழியா நாலு பேர் போனா என்னப்பா, தேய்ஞ்சா போயிடும்?"

பூஜைக்குச் சுத்தம்

ஆயுத பூஜைக்கு அங்கே லேத்து முதல் கால்குலேட்டர் வரை துடைத்துப் பொட்டு வைப்பார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட விவேக் நகர் ஜோசப், சார் சொன்னால் மறுபேச்சுப் பேசாதவர். ரவுட்டரையும் துடைத்துவிட்டு, அதன் கட்டளைகளைத் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சார் பின்னால் வந்து நின்றார். நான் போட்ட வடிகட்டியில் வரிக்கு வரி 'டினை' என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டார். "கூடாதுன்னு அர்த்தம் சார்" என்றார் ஜோசப். சாரின் முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல நாள்ல மெஷினுக்குள்ள இத்தனை 'கூடாது' எதுக்கு? பேடப்பா, வேண்டவே வேண்டாம், எல்லாத்தையும் துடைச்சுடு!"

விஜயதசமி

மறுநாள் விஜயதசமி. வெளிநாட்டு ஆர்டரின் முதல் பீஸை நல்ல நேரத்தில் லேத்தில் ஏற்றுவதாக ஏற்பாடு. அதற்கான வரைபடம் மெயிலில் வரவேண்டும். வரவில்லை.

"ரெண்டு லைனும் முட்டிக்கிட்டு நிக்குது, நம்ம மெயில் மட்டும் இறங்க மாட்டேங்குது" என்று ஜோசப் போன் செய்தார். "நேரம் தப்பிச்சுன்னா இந்த ஆர்டரே வேணாம்!" என்று சார் பின்னால் கத்துவதும் கேட்டது. சொன்னால் செய்கிற மனுஷன். ஆர்டர் போனால் லைன் போகும், பின்னாலேயே என் வேலையும் போகும்.

ரோடெல்லாம் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் பைக் வழுக்க வழுக்க, பிரேசர் டவுனிலிருந்து போய்ச் சேர்ந்தேன். ஊர் இணையமெல்லாம் எங்கள் லைனில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அழித்த வரிகளைத் திரும்ப எழுதினேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது, வரைபடம் இறங்கியது, நல்ல நேரம் முடிவதற்குள் லேத்து சுழன்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சார் என் கை நிறையப் பொரியும் கடலையும் கொடுத்துவிட்டு, குங்குமக் கிண்ணத்தை ஜோசப்பிடம் நீட்டினார்.

"அந்த 'கூடாது' எங்க இருக்கு? முதல்ல அதுக்கு ஒரு பொட்டு வை!"

ஊருக்கு வழிவிட மாட்டேன் என்று நிற்கிற நாலு வரிக்கு வருடா வருடம் மானிட்டர் மேல் பொட்டு வைத்துக் கும்பிட்ட இடம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.