போகிற உயிருக்கு ஒரு ஊசி

போன வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஷேர் ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் பாதி உயிர் போய்விட்டது, மீதியை நர்சம்மாவிடம் ஒப்படைத்தேன். அந்தப் பெண் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், ஸ்பிரிட்டோடு கலந்த லேசான கசப்பு வாசனை. "இன்னா மருந்தும்மா?" என்றேன். "டைக்ளோஃபெனாக்குங்க. வலிக்குப் போடுறதுதான், திரும்பிப் படுங்க." திரும்பிப் படுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பாள், அப்படியே இருக்கட்டும்.

அந்த மருந்தைப் பையில் அடைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய்வந்தவன் நான். படித்த மருத்துவன் இல்லை. மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்து, பார்த்துப் பார்த்து மாட்டுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்ட அரைகுறை. செவ்வாயும் வெள்ளியும் கரியாலூர் பஸ் ஏறுவேன். மலையில் என்னை 'டாக்டரு' என்றார்கள். ஒரு தடவைகூட நான் திருத்தவில்லை. காது குளிர்ந்துகொண்டிருக்கும்போது வாய் எப்படித் திறக்கும்?

காய்ச்சலா, முட்டி வீக்கமா, நொண்டலா, எல்லாவற்றுக்கும் அதே ஊசிதான். படுத்த மாடு எழுந்து நடந்தால் எனக்கு ஒரு பாட்டில் தேன் கிடைக்கும். இனி எழாது என்று தெரிந்த மாட்டுக்கும் போடுவேன். "போற உயிரு, நோவாம போவட்டும்" என்பார்கள். அந்தக் கருணையில் எனக்கு ரொம்பப் பெருமை.

செத்த மாட்டை ஊருக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறைக்கு இழுத்துப் போவார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும். நான் போன புதிதில் பாறையே தெரியாது, அத்தனை கழுகுகள். எனக்கு அவை புதிதில்லை. சொந்த ஊர் தியாகதுருகம். கோட்டை மலைமேல் அவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டதும் கல்லெறிவோம். ஒரு கல்கூடப் பட்டதில்லை. குறி தப்பாமல் கொல்கிற வித்தை எனக்குப் பிற்பாடுதான் கைவந்தது.

வருஷத்துக்கு வருஷம் பாறையில் கழுகு குறைந்தது. எங்கேயோ போயிருக்கும் என்று பேசிக்கொண்டோம். எங்கே போகும்? அதற்கென்ன பெங்களூரில் கட்டட வேலையா? கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியில் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். வயதான கால்நடை மருத்துவர் ஒருவர் பேசினார். இந்த ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைக் கழுகு தின்றால் கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும், தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்தே சாகும் என்றார். தேசம் முழுக்கக் கழுகுகள் இப்படித்தான் செத்துக்கொண்டிருக்கின்றன, வேறு மருந்து இருக்கிறது, மாட்டுக்கு இனி இதைத் தொடாதீர்கள் என்றார். பிறகு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிஸ்கட்டைத் தின்றபடி நான் அதுவரை போட்ட ஊசிகளை நினைத்துப் பார்த்தேன். பிஸ்கட் தொண்டையில் இறங்கத்தான் செய்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கரியாலூரில் இறங்கியதும் சடையன் ஓடிவந்தார். சாமை விதைக்கிறவர், என்னைவிட மூத்தவர். அவருடைய உழவு எருது ஓடைச் சரிவில் உருண்டு பின்னங்கால் முறிந்து மூன்று நாளாகிவிட்டது.

"கண்ணுல தண்ணியா வுட்டுக்கினு படுத்துகினு கீதுங்க டாக்டரு. என்னால பாக்க முடியல. ஒரு ஊசி போட்டு வுடுங்க."

பையில் பழைய மருந்துதான் இருந்தது. அதைப் போட்டால், செத்த மாட்டைக் கழுகு தொடாமல் புதைத்துவிட வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

"செத்துட்டா பொதச்சிடுங்கண்ணே" என்றேன்.

"இன்னா பேச்சுங்க இது? உழுத மாட்ட அது உழுத மண்ணுலயே பொதைக்கிறதா? எங்க வூட்டுல எங்கப்பன் காலத்துலேர்ந்து பாறைக்குத்தான் குடுக்குறோம். ரெண்டு கழுகுதான கீது, அதுங்களும் பசியாறட்டும்."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற கழுகுகள் எங்கே போயின என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் யார் என்னை டாக்டரு என்பார்கள்? எருது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஊசியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் நின்ற இடத்தில் சடையன் சாக்கு மூட்டையோடு காத்திருந்தார். சாக்கின் வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு கழுகு. உயிர் இருந்தது. கழுத்து துவண்டு, தலை வெளியே சரிந்து அவர் முழங்கையில் கிடந்தது.

"இதோட சோடி நேத்தே செத்துப் போயிடுச்சுங்க. இதுவும் தலையத் தொங்கப்போட்டுக்கினு குந்திகினு இருந்துச்சு. எம் மாட்டத் தின்ன வாயி, அப்படியே வுட்டுட்டு வர மனசு வரல" என்றார். "மாடு அன்னிக்கி ராத்திரியே உங்க ஊசியில நோவு தெரியாம போச்சுங்க. அதே ஊசிய இதுக்கும் ஒண்ணு போடுங்க டாக்டரு."

போட்டேன். றெக்கையை அவர் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது அடங்கியதும், "கைராசிங்க உங்களுக்கு" என்று என்னைக் கும்பிட்டார்.

இடுப்பு சரியானதும், முந்தாநாள் கரியாலூர் போய்ப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அருவிக்கு வந்த பையன்கள் மொட்டைப் பாறையில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே செத்த கன்றுக்குட்டி ஒன்றை நாய்கள் இழுத்தன, நாற்றம் ரோடு வரைக்கும் வந்தது. சடையன் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் அவர் மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"அப்பா சாவுற வரைக்கும் உங்களத்தாங்க சொல்லிக்கினு இருந்தாரு. மலையில இருந்த கடைசிக் கழுகுக்கும் வைத்தியம் பாத்த டாக்டருன்னு."

டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். நின்று நிதானமாகக் குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது.