கப்பலாட்டம்

அம்சவள்ளி விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். செட்டியார் வீட்டு விதை. நிலக்கடலைப் பருப்பு சிதையக் கூடாது. சிதைந்தது முளைக்காது என்று அந்த வீட்டம்மா கூடைக்குள் கைவிட்டு அளைந்து பார்ப்பாள். குவாரிக்காரர்கள் கொல்லை நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அம்சவள்ளி தன் வீட்டு விதையைத்தான் உடைத்தாள். அப்போது யாரும் அளைந்து பார்த்ததில்லை.

புருஷன் ராசாங்கம் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"திங்கக்கெழம கூப்புடுறாங்களாம். பன்னெண்டாம் நம்பர் வரைக்கும்."

"பின்ன என்ன? நாமதான் நாலாச்சே! வெள்ளச் சட்டய இன்னைக்கே தொவச்சுப் போட்டுடுறேன்."

"நாலு இப்ப மாயவங்கிட்ட இருக்கு."

"நம்மகிட்ட?"

"நாப்பத்தொண்ணு."

அவள் கை அடுத்த கொட்டையை எடுத்தது, உடைத்தது, பருப்பை முறத்தில் போட்டது. கைக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

"எப்ப?"

"முந்தாநேத்து."

"முந்தாநேத்தா? கொழம்பு நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவ சோறு வாங்கித் தின்னீங்களே!"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

அரியலூருக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் வெட்டுவதற்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஓர் ஆளுக்கு நிரந்தர வேலை என்று பேச்சு. வரிசை எண் குத்திய வட்டத் தகர வில்லையும் வீட்டுக்கொன்று கொடுத்தார்கள். வில்லையைக் கொண்டுவருகிறவனுக்கு வேலை. பேரை யாரும் கேட்கப் போவதில்லை. ராசாங்கத்துக்கு வந்தது பத்தொன்பது. உழ நிலமில்லாமல், நேற்றுவரை சம்பந்தி முறை பேசிய வீட்டில் கூலிக்கு நிற்கவும் மனமில்லாமல், வில்லைக்காரர்கள் குவாரி வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் குந்தினார்கள். குந்தியே இரண்டு வருஷம் போயிற்று.

ராசாங்கம் எழுத்துக்கூட்டாமல் படிப்பான். டவுன் சலூனில் கிடந்த பழைய பத்திரிகைகளில் ஒரு தொடர்கதை படித்துவிட்டு வந்து மரத்தடியில் சொன்னான். வானத்தில் கப்பல் விட்டுப் போய், வெறும் புழுதியாய்க் கிடக்கிற ஓர் உலகத்தில் கல் வெட்டிப் பிழைக்கிறவர்களின் கதை. ஊர் திரும்பும் கப்பல் என்றைக்கோ ஒருமுறைதான் வரும். அதில் யார் முதலில் ஏறுவது என்பதைப் பணயம் வைத்து அவர்கள் சீட்டாடுவார்கள்.

"கல்லு, புழுதி, எப்ப வருமுன்னு தெரியாத கப்பலு. அடேய், இது நம்ம ஊருடா! வானத்துல போயி ஏன் தேடுற?" என்றான் சாமிக்கண்ணு. மரத்தடியே சிரித்தது. சிரித்த கையோடு சீட்டுக்கட்டும் வந்துவிட்டது.

கைக்கு ஐந்து சீட்டு. நடுவில் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார்கள், அதுதான் கப்பல். நான்கு சீட்டை ஒவ்வொன்றாக எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கப்பலைத் திருப்பினால் இஸ்பேட்டா கிளாவரா என்று தெரியும். அதே இனத்தில் பெரிய சீட்டு வைத்திருப்பவன் கப்பல் ஏறினவன். ஆகச் சின்னச் சீட்டுக்காரன் கரையில் நின்றவன். ஏறினவன் விரும்பினால் நின்றவனோடு வில்லையை மாற்றிக்கொள்ளலாம்.

ராசாங்கம் பத்தொன்பதிலிருந்து பதினொன்றுக்கு ஏறினான். பதினொன்றிலிருந்து நாலுக்கு. நாலு வந்த அன்று அம்சவள்ளி ரவா கேசரி கிண்டினாள். அது யார் வீட்டு நாலு என்று கேட்கவில்லை.

நல்ல இடம் வந்ததும் எழுந்து போகிறவனுக்கு அந்தக் கதை உலகத்தில் யாரும் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று ராசாங்கம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். முன்வரிசை நம்பர்காரர்கள் எழுந்து போய்விடாமல் இருக்கச் சொன்னது. அது கதையில் இருந்ததா, தானே சேர்த்ததா என்பது இப்போது அவனுக்கே தெரியவில்லை. நாலைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எழுந்திருக்கப் பார்த்தபோது, "என்ன வாத்தியாரே, தண்ணி வேணாமா?" என்றார்கள். உட்கார்ந்தான். எதிரே நாற்பத்தொன்றுக்காரன் மாயவன். அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. கப்பலைத் திருப்பினார்கள், அவன் ஏறினான்.

அம்சவள்ளி முறத்தை வைத்துவிட்டு மாயவன் வீட்டுக்கு நடந்தாள். அவன் பெண்சாதி காத்தாயி மோர் கொடுத்தாள். அம்சவள்ளி குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ரெண்டு புள்ளைவள வச்சிருக்கேன். அந்த வில்லையக் குடுத்துடுங்க."

"கேசரி கிண்டுன வாசன எங்க தெரு வரைக்கும் வந்துச்சு," என்றாள் காத்தாயி. "அப்ப எங்க வூட்டுலயும் ரெண்டு புள்ளைவதான் இருந்துச்சு."

"நீ சும்மா இருடி," என்றான் மாயவன். மடியிலிருந்து வில்லையை எடுத்து அம்சவள்ளியின் முன்னால் தரையில் வைத்தான்.

"எடுத்துக்க தங்கச்சி. நான் என் நாப்பத்தொண்ண வாங்கிக்கிறேன். ஆனா அந்த நாலு கருப்பண்ணன் வூட்டுது. அத அவங்கிட்ட குடுத்துட்டு, பதினொண்ண வாங்கணும். பதினொண்ணு லீலாவதி புருசனோடது. அதையும் குடுத்துடணும். அவங்கவங்களுது அவங்கவங்களுக்குப் போவட்டும். சம்மதமா?"

எட்டினால் எடுத்துவிடலாம். நாலு என்ற எண் நன்றாகவே தெரிந்தது. அம்சவள்ளி மனதுக்குள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். கருப்பண்ணன் வாசலில் நாலு போயிற்று, லீலாவதி வாசலில் பதினொன்று போயிற்று. கையில் மிஞ்சியது பத்தொன்பது.

"பன்னெண்டோட நிறுத்திடுவாங்களா?"

"அப்புடித்தான் சொல்றாங்க."

"அப்ப பத்தொம்பத எப்பண்ணே கூப்புடுவாங்க?"

மாயவன் காத்தாயியைப் பார்த்தான். அவள் மோர்ச் செம்பை எடுத்துக் கவிழ்த்தாள். கேட்ட சம்மதம் வரவில்லை. அவன் குனிந்து வில்லையை எடுத்தான், மடியில் செருகினான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"சொல்லுங்கண்ணே. எப்ப கூப்புடுவாங்க?"

கூரை தலையில் தட்டாமல் குனிந்து, அவன் வெளியே போனான்.